புல்லட்டின் பிறவிக்குறிகள்

கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு சாலையில் போனால் வேலந்தாவளம் தாண்டிக் கோவை. இன்னொரு சாலையில் போனால் கோபாலபுரம் தாண்டிப் பொள்ளாச்சி. மேற்கே சித்தூரும் பாலக்காடும். கேரளத்துக்குள் இருந்தாலும் கடைத்தெருவில் தமிழ்தான் அதிகம் காதில் விழும். தென்னந்தோப்பு, கள்ளு, நெல், கொஞ்சம் கால்நடை என்று ஓடும் இந்த எல்லையோர ஊர்களில் பழைய வீடுகளின் திண்ணைக்குப் பின்னாலோ, மாட்டுத் தொழுவத்தை ஒட்டிய சார்ப்பிலோ சாக்குப் போட்டு மூடிய ஒரு புல்லட் நிற்பது அபூர்வமல்ல. அப்பா ஓட்டியது, அல்லது தாத்தா வாங்கியது. இப்போது அதைத் தேடி ஆட்கள் வருகிறார்கள். கோவையிலிருந்து, கொச்சியிலிருந்து, பெங்களூரிலிருந்து.

பேரம் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் தொடங்கும். "எல்லாம் ஒரிஜினலுங்களா?" என்று வந்தவர் கேட்பார். "ஒரு நட்டு மாத்தலைங்க" என்று விற்பவர் சத்தியம் செய்வார். இரண்டு பேருமே அநேகமாக மனதறிந்து பொய் சொல்வதில்லை. ஐம்பது, அறுபது ஆண்டுகள் ஓடிய ஒரு வண்டியில் நட்டு மாற்றாமல் இருந்திருந்தால் அது ஓடியே இருக்காது என்பதை இருவரும் மறந்துவிடுகிறார்கள், அவ்வளவுதான்.

எது அசல் என்ற கேள்வி ஒரு காலத்தில் பொழுதுபோக்குக்காரர்களின் வாதம். 2021 ஜூலையில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் பழம்பெரும் வாகனங்களுக்கான பதிவு விதிகளை அறிவித்த பிறகு அது சட்டக் கேள்வியாகிவிட்டது. முதல் பதிவுக்குப் பின் 50 ஆண்டு கடந்த இரு சக்கர, நான்கு சக்கர வாகனங்கள் இந்த வகையில் வரலாம். ஆனால் வண்டி அசல் வடிவத்தில் பராமரிக்கப்பட்டிருக்க வேண்டும்; சேஸிஸிலோ, பாடியிலோ, எஞ்சினிலோ மாற்றம் உட்பட பெரிய அளவிலான மராமத்து எதுவும் நடந்திருக்கக் கூடாது. புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000. மாநில எழுத்துக்களுக்கு அடுத்து 'வி.ஏ.' என்று வரும் தனி நம்பர் பிளேட், பத்தாண்டுச் சான்று. அன்றாடம் சந்தைக்குப் போய்வர அந்த வண்டியை எடுக்க முடியாது. கண்காட்சி, பேரணி, ஆராய்ச்சி, பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் அனுமதி.

இதற்கு இரண்டரை ஆண்டு முன்னால், 2019 ஜனவரியில், கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னொரு கதவைச் சாத்தியது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவின்படி, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் கொடுத்த விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்று அந்தத் தீர்ப்பு உறுதியாகச் சொன்னது. கேரள மோட்டார் வாகனத் துறை மாற்றியமைத்த வண்டிகள் விஷயத்தில் கறாரானது என்பது சித்தூர், பாலக்காடு பக்கத்து இளைஞர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆக, மாட்டுத் தொழுவத்தில் நிற்கும் அந்த எஞ்சின் அசல்தானா என்பதில் பணம் மட்டுமல்ல, ஆர்.சி. புத்தகத்தின் உயிரும் இருக்கிறது.

அசலைக் கண்டுபிடிக்க முதலில் அந்த வண்டி எங்கே பிறந்தது என்று தெரிய வேண்டும். புல்லட்டின் கதை சேற்றிலும் பாறையிலும் தொடங்குகிறது. இங்கிலாந்தில் 'டிரையல்ஸ்' என்று ஒரு போட்டி உண்டு. வேகத்துக்கு அங்கே மதிப்பில்லை. ஓடைக் கற்கள், வழுக்கும் சரிவு, மரவேர்கள் மீது கால் ஊன்றாமல் வண்டியை ஊர்ந்து ஏற்ற வேண்டும்; கால் தரையில் பட்டால் புள்ளி போகும். 1948-இல் ராயல் என்ஃபீல்டு நிறுவனம் தன் புதிய 350 சிசி புல்லட்டின் மாதிரிகளை முதலில் இந்த மாதிரிப் போட்டிகளுக்குத்தான் அனுப்பியது. பின் சக்கரத்துக்கு ஸ்விங் ஆர்ம் சஸ்பென்ஷன் வைத்திருந்தது அன்றைக்குப் புதுமை. பின் சக்கரம் ஆடாத வண்டிதான் பாறையில் பிடிக்கும் என்று நம்பிய பழைய கைகள் அதைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்கள். அதே ஆண்டு இத்தாலியில் நடந்த சர்வதேச ஆறு நாள் போட்டியில் புல்லட்டுகள் தங்கப் பதக்கத்தோடு திரும்பின. ஜானி பிரிட்டன் என்ற வீரர் எச்.என்.பி. 331 என்ற எண்ணுள்ள புல்லட்டில் பெயர் வாங்கினார். ஸ்காட்லாந்தின் ஆறு நாள் டிரையல்ஸை 1952-இலும் 1957-இலும் வென்றார்.

இந்தியாவுக்கு இதே புல்லட் வந்தது ராணுவத்தின் வழியாக. எல்லைக் காவலுக்கான வண்டிகளுக்கு 1952-இல் ஆர்டர் போனது. சென்னையின் மெட்ராஸ் மோட்டார்ஸ் அதைப் பெற்றது. 1955-இல் என்ஃபீல்டு இந்தியா உருவானது. 1956-இல் திருவொற்றியூர் தொழிற்சாலை திறந்தபோது ரெட்டிச் நகரிலிருந்து பெட்டி பெட்டியாக வந்த பாகங்களை இங்கே பூட்டினார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் பூட்டிய வண்டிகள் 163. கேரள மாநிலம் பிறந்ததும் அதே ஆண்டு நவம்பரில்தான். பிறகு ஒவ்வொரு பாகமாக இங்கேயே வார்க்கவும் கடையவும் தொடங்கினார்கள். ரெட்டிச் தொழிற்சாலை 1967-இல் மூடப்பட்டது. 1970-இல் இங்கிலாந்தில் என்ஃபீல்டு உற்பத்தி முற்றிலும் நின்றுபோனது. திருவொற்றியூரில் மட்டும் அந்த ஐம்பதுகளின் வடிவம் நிற்காமல் ஓடியது. 1977-இல் பிறந்த வீட்டுக்கே ஏற்றுமதியும் ஆனது.

இந்த வரலாற்றில்தான் சிக்கலே இருக்கிறது. 1956-இல் பூட்டிய வண்டியில் ரெட்டிச் பாகம் இருப்பது அசல். எழுபதுகளில் வந்த வண்டியில் அதே ரெட்டிச் பாகம் இருந்தால் யாரோ பிற்பாடு பொருத்தியது. பார்ப்பதற்கு அது உயர்ந்த பாகம், விலையும் அதிகம். ஆனால் அந்த வண்டிக்கு அது அசல் அல்ல. "இங்கிலாந்து பார்ட்ஸ் போட்டிருக்கு" என்று பெருமையாகச் சொல்லி விலையை ஏற்றுகிறவர்கள் தங்கள் வாயாலேயே வண்டி மாற்றப்பட்டது என்று ஒப்புக்கொள்கிறார்கள்.

முதலில் எண். எஞ்சின் எண் கிராங்க் கேஸில் அடிக்கப்பட்டிருக்கும். பழைய எண்கள் ஆள் கையால், சுத்தியலால் ஒவ்வொரு பன்ச்சாக அடித்தவை. எனவே வரிசை கொஞ்சம் ஏறி இறங்கியிருப்பது குற்றமல்ல. அச்சடித்தது போல் நேர்கோட்டில் இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். பார்க்க வேண்டியது எண்ணை விட எண்ணைச் சுற்றியுள்ள தோலை. வார்ப்பில் இயற்கையாக ஒரு சொரசொரப்பு இருக்கும். எண் இருக்கும் இடம் மட்டும் அரம் போட்டது போல் பளபளத்தாலோ, லேசாகக் குழிந்திருந்தாலோ, பக்கத்து விளிம்பு மழுங்கியிருந்தாலோ, அங்கே முன்பு வேறு எண் இருந்திருக்கலாம். மூன்றாவது இலக்கம் ஒரு பன்ச் செட்டிலும் நான்காவது இன்னொரு செட்டிலும் அடித்தது போலிருந்தால் அதுவும் நல்ல சகுனமல்ல. அரம் போட்டு அழித்த எண்ணும் முழுக்க அழிவதில்லை. பன்ச் விழுந்த இடத்தில் உலோகம் ஆழத்தில் இறுகிப்போயிருக்கும்; திருட்டு வழக்குகளில் தடய அறிவியல் ஆய்வகங்கள் ரசாயனம் தடவி அந்தப் பழைய எண்ணை மேலே வரவழைப்பதுண்டு. அந்த நிலைமைக்கு வந்தபின் வாங்கியவர் 'எனக்குத் தெரியாது' என்று சொல்லித் தப்பிப்பது சிரமம். வண்டி போலீஸ் ஸ்டேஷன் வளாகத்தில் மழையில் நனையும்.

பாலிஷ் மோகம் இந்தச் சோதனையைக் கெடுத்துவிடுகிறது. புல்லட்டின் பக்கவாட்டு மூடிகள் தொழிற்சாலையிலேயே பளபளப்பாக்கப்பட்டவை. கிராங்க் கேஸ் அப்படியல்ல, வார்த்த சொரசொரப்போடுதான் வரும். எஞ்சினை அழகாக்குகிறேன் பேர்வழி என்று பட்டறைக்காரர் மொத்தத்தையும் பஃப் சக்கரத்தில் கொடுத்துக் கண்ணாடி மாதிரி ஆக்கும்போது வார்ப்பு அடையாளமும் எண்ணின் கூர்மையும் சேர்ந்தே தேய்கின்றன. கல்யாண வீட்டுப் பாத்திரம் போல மின்னும் எஞ்சினைப் பார்த்து மயங்குகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

கிராங்க் கேஸ் இரண்டு பாதிகளாகச் செங்குத்தாகப் பிளந்திருக்கும். இரண்டையும் சேர்த்து வைத்துத்தான் பேரிங் துளைகளைக் கடைவார்கள். எனவே அவை ஜோடி. ஒரு பாதி உடைந்து வேறு வண்டியின் பாதியைக் கொண்டுவந்து சேர்த்திருந்தால் இணையும் கோட்டில் விரலை வைத்துத் தடவினாலே ஒரு சிறு படி தட்டுப்படும். செயின் அறுந்து கேஸ் உடைந்து, அலுமினிய வெல்டிங் போட்டு ஒட்டிய எஞ்சின்களும் உண்டு. வெல்டிங் தழும்பு அசிங்கமாக இருந்தாலும் அது அசல் கேஸ். சுத்தமான வேற்று கேஸை விட அந்தத் தழும்புக்கு மதிப்பு அதிகம் என்பதை வாங்குகிறவர்களுக்குப் புரிய வைப்பது கஷ்டம்.

அடுத்து போர். பழைய புல்லட்டுக்கு 'காஸ்ட் அயர்ன் எஞ்சின்' என்று பெயர் வந்ததே அதன் வார்ப்பிரும்பு சிலிண்டரால். மேலே உள்ள ஹெட் மட்டும் அலுமினியம். டிரையல்ஸ் போட்டிக்கான வண்டிகளில் எடையைக் குறைக்க சிலிண்டரையும் அலுமினியத்தில் போட்டதுண்டு. இந்தப் படங்களைப் பார்த்துவிட்டு இங்கே சிலர் இரும்பு சிலிண்டருக்கு வெள்ளிப் பெயின்ட் அடித்து, சைலன்சரை மேலே தூக்கி, மட்கார்டை வெட்டி, 'டிரையல்ஸ் மாடல்' என்று விற்கிறார்கள். இதற்கு நிபுணர் வேண்டாம். ஒரு சின்னக் காந்தம் போதும். ஒட்டினால் இரும்பு, விழுந்தால் அலுமினியம்.

2019-இல் ராயல் என்ஃபீல்டு நிறுவனமே 'புல்லட் டிரையல்ஸ்' என்று 350, 500 சிசியில் இரண்டு வண்டிகளை இந்தியாவில் வெளியிட்டது. உயர்ந்த சைலன்சரும், ஒற்றை இருக்கையும், ஜானி பிரிட்டனின் நினைவும் எல்லாம் இருந்தன. அதிக நாள் நீடிக்கவில்லை. அந்த வண்டிகளின் எஞ்சின் யூனிட் கன்ஸ்ட்ரக்‌ஷன் வகை; எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே உடல். பழைய புல்லட்டில் எஞ்சின் தனி, ஆல்பியன் வடிவ கியர்பாக்ஸ் தனி. பத்தடி தூரத்திலிருந்தே சொல்லிவிடலாம். அப்படியும் அந்த 2019 வண்டியின் பெட்ரோல் டேங்கையும் சைலன்சரையும் பழைய வண்டியில் ஏற்றி ஏமாற்றுகிறவர்களும், ஏமாறுகிறவர்களும் இல்லாமல் இல்லை.

சிலிண்டரின் உள்ளே கணக்கு இருக்கிறது. 350 புல்லட்டின் பிஸ்டன் விட்டம் 70 மில்லிமீட்டர், ஏறி இறங்கும் தூரம் 90. பெருக்கிப் பார்த்தால் 346 சிசி. 500 புல்லட்டிலும் தூரம் அதே 90தான்; விட்டம் மட்டும் 84. அதனால் 350-ஐ 500 ஆக்கிவிடலாம் என்ற ஆசை எல்லோருக்கும் வருகிறது. கிராங்க் கேஸின் வாயைக் கடைந்து அகலப்படுத்த வேண்டும். கோவையில் அதற்கு லேத்துக்கும் ஆளுக்கும் பஞ்சமில்லை. இன்னும் ஆசைப்பட்டு 87 மில்லிமீட்டர் பிஸ்டன் போட்டு 535 சிசி ஆக்குவதும் உலகம் முழுக்க உள்ள வழக்கம்தான். ஆனால் ஆர்.சி. புத்தகத்தில் 346 என்று இருக்கும்போது உள்ளே 499 ஓடினால், 52-வது பிரிவு நேராகப் பேசும் விஷயம் அது. வெளியில் எதுவும் தெரியாது. ஹெட்டைக் கழற்றி ஸ்கேல் வைத்தால்தான் தெரியும்.

ரீபோர் செய்வது இதிலிருந்து வேறு. சிலிண்டர் தேயும், தேய்ந்ததைச் சீராகக் கடைந்து சற்றே பெரிய பிஸ்டன் போடுவார்கள். பிஸ்டன் தலையில் 20, 30, 40 என்று ஒரு எண் இருக்கும். அங்குலத்தின் ஆயிரத்தில் அத்தனை பங்கு பெரியது என்று அர்த்தம். அந்த எண்ணைப் படித்தால் அந்த எஞ்சின் எத்தனை முறை ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தது என்று ஊகிக்கலாம். கடைசி அளவும் தேய்ந்தபின் உள்ளே புதிய ஸ்லீவ் அடித்து மறுபடி 70-க்கே கொண்டுவருவார்கள். ஸ்லீவ் அடித்த சிலிண்டர் அசலா? விதியில் உள்ள 'பெரிய அளவிலான மராமத்து' என்ற சொற்களைக் கறாராகப் படித்தால் ஓடிய வண்டி எதுவுமே தேறாது. பிஸ்டன், ரிங், வால்வு, பேரிங், பேக்கிங், கிளட்ச் தகடு எல்லாம் தேய்வதற்காகவே செய்தவை. தொழிற்சாலையே பெரிய சைஸ் பிஸ்டன்களை விற்றது என்றால் ரீபோர் செய்வதை அது எதிர்பார்த்தது என்றுதான் அர்த்தம். கிராங்க் கேஸ், சிலிண்டர், ஹெட், மூடிகள், கியர்பாக்ஸ் உடல் ஆகிய வார்ப்புகளும் அவற்றின் அளவுகளும் மாறாதிருக்கின்றனவா என்று பார்ப்பதே நியாயமான அளவுகோல். அதிகாரிகளுக்கு இதைத் தெளிவாக எழுதிக் கொடுப்பது அமைச்சகத்தின் வேலை.

கனெக்டிங் ராடின் கதை இன்னும் சுவாரசியம். அசல் புல்லட்டில் பெரிய முனையில் உருளை பேரிங் கிடையாது. வெள்ளை உலோகம் பூசிய மிதக்கும் புஷ் ஒன்று ராடுக்கும் பின்னுக்கும் நடுவே தன்பாட்டில் சுற்றும். ஆயில் சுத்தமாக இருந்தால் நீண்ட காலம் உழைக்கும். ஆயில் மாற்றாத சோம்பேறி கையில் சீக்கிரம் போய்விடும். நம் ஊரில் இரண்டாவது வகை ஆட்களே அதிகம் என்பதால் மெக்கானிக்குகள் ரோலர் பேரிங் ராடு போடத் தொடங்கினார்கள். பலமானது, கவலையில்லாதது. ஆனால் மாற்றம், மாற்றம்தான். எஞ்சினை முழுக்கப் பிரித்தால் ஒழியக் கண்ணுக்குத் தெரியாத மாற்றம். இதற்காக ஒரு நல்ல எஞ்சினைப் பிரித்துப் பார்ப்பது முட்டாள்தனம். ராடு மாற்றிய மெக்கானிக் இன்னும் உயிரோடு இருந்தால் அவரிடம் கேட்டுவிடுவது மேல்.

கார்புரேட்டரைப் பார்த்தால் மட்டும் யாரும் ஏமாற வேண்டியதில்லை. ரெட்டிச் வண்டிகளில் அமால். ஐம்பதுகளின் நடுப்பகுதி வரை மிதவைக் கிண்ணம் தனியாகத் தொங்கும் அமால். அதற்குப் பின் கிண்ணமும் உடலும் ஒன்றான மோனோபிளாக் அமால், வகை எண் 376. இந்திய வண்டிகளில் பிற்பாடு வந்தது மிகுனி வடிவ மிக்கார்ப். அமாலின் உடலிலேயே வகை எண் பொறிக்கப்பட்டிருக்கும். ஆனால் அமாலுக்கு ஜெட், ஊசி கிடைப்பதில்லை, மிக்கார்ப் எங்கேயும் கிடைக்கும் என்பதால், பொள்ளாச்சியிலோ கொழிஞ்சாம்பாறையிலோ எந்தப் பட்டறைக்குப் போனாலும் முதல் ஆலோசனை 'இதைத் தூக்கிப் போட்டுட்டு மிக்கார்ப் மாட்டிடலாங்க' என்பதுதான். மெக்கானிக்கைக் குறை சொல்ல முடியாது. வண்டி மறுநாள் காலை ஸ்டார்ட் ஆக வேண்டும், அவருக்கு அதுதான் கணக்கு. தூக்கிப் போட்ட அமால் காயலான் கடைக்குப் போய், அங்கிருந்து சென்னை புதுப்பேட்டைக்கோ டில்லி கரோல் பாகுக்கோ போய், வேறொருவரின் 'முழு அசல்' வண்டியில் ஏறிவிடுகிறது.

மின்சாரப் பக்கமும் இதே கதை. ஆரம்பகால ரெட்டிச் புல்லட்டில் லூகாஸ் கம்பெனியின் மேக்டைனமோ. தீப்பொறிக்கு மேக்னெட்டோ, விளக்குக்கு டைனமோ, இரண்டும் ஒரே கட்டாக சிலிண்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும். பின்னர் ஆல்டர்னேட்டரும் பேட்டரி-காயில்-பாயின்ட்டும் வந்தன. லூகாஸ் மேக்னெட்டோ, டைனமோக்களில் ஒரு நல்ல வழக்கம், செய்த மாதமும் ஆண்டும் உடலில் குத்தியிருப்பார்கள். வண்டி 1955 என்று ஆர்.சி. சொல்லி, மேக்னெட்டோ 1961 என்று சொன்னால் இரண்டில் ஒன்று வெளியிலிருந்து வந்திருக்கிறது. பாயின்ட்டை எடுத்துவிட்டு எலெக்ட்ரானிக் இக்னிஷன் போடுவது இன்னொரு மாற்றம். ஓட்டுகிறவருக்கு வரம், கண்காட்சி நடுவருக்கு வருத்தம்.

எல்லாவற்றையும் விட உண்மை பேசுவது நட்டும் போல்ட்டும்தான். பிரிட்டிஷ் வண்டியின் மரை மெட்ரிக் மரை அல்ல. பெரும்பாலும் சைக்கிள் மரை, அங்குலத்துக்கு 26 சுற்று. சில இடங்களில் விட்வொர்த் குடும்பத்து மரை. அந்தக் காலத்து ஸ்பானரில் எழுதியிருக்கும் அளவே நம் பிள்ளைகளுக்குப் புரியாது. திருவொற்றியூர் வண்டிகளும் நெடுநாள் அந்த மரைகளை விடவில்லை. எனவே பழைய எஞ்சினின் ஒரு போல்ட்டில் 10-ஆம் நம்பர் ஸ்பானர் சப்பென்று கச்சிதமாக உட்கார்ந்தால், அந்த இடத்தில் யாரோ புது டேப் போட்டு மரையை மாற்றியிருக்கிறார்கள். ஆறு பட்டை ஆலன் சாவி போட்டுத் திருகும் குரோம் போல்ட் கண்ணில் பட்டால் விசாரிக்கவே வேண்டாம். பல்லி வாலை அறுத்துக்கொண்டது போல, மாற்றியவர் விட்டுச் செல்லும் தடயம் அது.

கால் வைக்கும் இடத்தையும் பாருங்கள். பழைய புல்லட்டில் கியர் வலது காலில். முதல் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே. குதிகாலால் ஒரு தட்டு தட்டினால் நியூட்ரலுக்கு வரும் தனி லீவர். பிரேக் இடது காலில். மற்ற வண்டிகளோடு குழம்புகிறது என்று கியரை இடது பக்கத்துக்குக் கொண்டுவந்த பழைய வண்டிகள் நிறைய உண்டு. குறுக்குத் தண்டும் இணைப்புக் கம்பிகளும் கீழே தெரியும். தொழிற்சாலையே இடது கியர் கொடுத்தது பல காலம் கழித்துத்தான்.

மாற்றம் போலத் தோன்றி அசலாக இருப்பவையும் உண்டு என்பது இதில் வேடிக்கை. டீசல் புல்லட் என்றால் பம்ப்செட் எஞ்சினைத் தூக்கி வைத்த உள்ளூர்க் கைங்கரியம் என்றுதான் பலரும் நினைப்பார்கள். பாதி உண்மை; அப்படிச் செய்தவர்கள் ஏராளம். ஆனால் என்ஃபீல்டு நிறுவனமே தொண்ணூறுகளில் 325 சிசி டீசல் எஞ்சினோடு 'டாரஸ்' என்ற வண்டியை விற்றது. ஆறரைக் குதிரைச் சக்தி, வேகம் கேட்காதீர்கள், மைலேஜைக் கேளுங்கள் என்ற ரகம். ஆகவே டீசல் புல்லட்டைக் கண்டால் சிரிப்பதற்கு முன் ஆர்.சி. புத்தகத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும். எரிபொருள் என்ற இடத்தில் டீசல் என்றிருந்தால் அது முறையாகப் பிறந்த குழந்தை. எண்பதுகளின் ராஜ்தூத் 350-லும் இப்படி ஒரு குழப்பம். 30.5 குதிரைச் சக்தி வகை ஒன்று, அதைக் குறைத்துப் பின்னால் வந்த 27 குதிரைச் சக்தி வகை ஒன்று, இரண்டுமே அசல். ஆனால் பின்னதை முன்னதாக வேஷம் கட்டி விற்கிறார்கள்.

எல்லையில் இருப்பதால் கொழிஞ்சாம்பாறைக்குத் தனிச் சங்கடம் ஒன்று. ஒரே வண்டி கோவையில் பதிவாகி, பொள்ளாச்சிக்காரர் கைக்குப் போய், சம்பந்த வழியில் இந்தப் பக்கம் வந்து, தடையில்லாச் சான்று வாங்காமலேயே இருபது ஆண்டு தோப்புக்கும் களத்துக்கும் ஓடியிருக்கும். பழைய பாலக்காட்டுப் பதிவென்றால் கே.எல்.பி.; இப்போது சித்தூருக்கு கே.எல். 70. புத்தகம் கறையான் அரித்தது பாதி, எலி கடித்தது பாதி. எஞ்சின் எண்ணை எழுதிய குமாஸ்தா 3-ஐ 8 ஆக்கியிருந்தால் குற்றமற்ற வண்டியும் திருட்டு வண்டி போல் நிற்கும். ராணுவ ஏலத்தில் எடுத்த வண்டியென்றால், அங்கேயே எஞ்சின் மாற்றியிருக்கவும் வாய்ப்புண்டு. ஏலச் சீட்டு இல்லாமல் அதை நிரூபிப்பது கடினம். இப்படிப்பட்ட நேரத்தில் கைகொடுப்பது ஒரு துண்டுக் காகிதம். எண்ணின் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்தெடுக்கும் அந்தப் பதிவை ஆர்.டி.ஓ. ஆபீசிலும் இன்சூரன்ஸிலும் வாங்கிக்கொள்வது பழைய பழக்கம். முப்பது ஆண்டுக்கு முந்தைய இன்சூரன்ஸ் காகிதக் கட்டில் அந்தப் பென்சில் பதிவு ஒன்று கிடைத்து, இன்று எடுக்கும் பதிவோடு எழுத்துக்கு எழுத்து, சாய்வுக்குச் சாய்வு பொருந்தினால் அதைவிடப் பெரிய சாட்சி கிடையாது. வீட்டைச் சுத்தம் செய்கிறேன் என்று அந்தக் கட்டை அடுப்பில் போட்டவர்கள் எத்தனை பேரோ.

விற்கும் வீட்டாருக்கு நஷ்டம் இன்னொரு வழியில் வருகிறது. வருகிறவர் வண்டி முழுவதையும் விலை பேச வேண்டிய அவசியமில்லை. "இந்தப் பழைய கார்புரேட்டர் வேலைக்காகாது, புதுசு ஒண்ணு மாட்டித் தர்றேனுங்க" என்று அன்போடு சொல்லி அமாலையும், ஓடாத ஸ்மித்ஸ் ஸ்பீடாமீட்டரையும், மேக்டைனமோவையும் கழற்றிக்கொண்டு போனால் போதும். வீட்டுக்காரர் நன்றி சொல்லி மோரும் கொடுத்து அனுப்புவார். அடுத்து வருகிறவர் அசல் இல்லை என்று விலையைப் பாதியாக்குவார்.

அதனால் பழசை மாற்றித்தான் தீர வேண்டும் என்றாலும், கழற்றியது எதையும் வீட்டை விட்டு வெளியே விடக்கூடாது. அமாலை மண்ணெண்ணெயில் கழுவி, கிரீஸ் தடவி, எந்த ஆண்டு கழற்றியது என்று ஒரு சீட்டு எழுதி, நட்டு போல்ட்டோடு ஒரு கோணிப்பையில் கட்டிப் பரண்மேல் போட்டுவிடலாம். வண்டிக்கு வாங்க ஆள் வரும் நாளில் முதலில் காட்ட வேண்டியது வண்டியை அல்ல, அந்தக் கோணிப்பையை.